பழைய கார் பெயிண்ட்: அந்தப் பையனுக்கு ஒரு வாளித் தண்ணீர் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய கார்களைப் புதுப்பிப்பவர்களைப் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. என் சண்டை அதோடு வெளியான படத்தோடுதான். ஒரு பழைய ஃபியட்டின் கதவைப் படுக்கப் போட்டு ஒரு பையன் கிரைண்டரால் பெயிண்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். மூக்கில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. புருவம், காது மடல், தலைமுடி எல்லாம் பொடி. பின்னால் ஸ்டூலில் மூடாத டீ கிளாஸ். பெயிண்ட் உரிக்கும் பணி மும்முரம் என்று படத்துக்குக் கீழே சந்தோஷமாகப் போட்டிருந்தீர்கள்.

அந்த டீயைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பழைய பெயிண்ட் பொடியில் ஈயம் இருக்கக்கூடும். ஏன் என்று சொல்ல என் சொந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்து நாலு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவள் நான். சுருக்கமாகச் சொல்லிப் பழக்கமில்லை.

என் அப்பா வண்டலூர் ஸ்டாண்டர்டு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டு வண்டி 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்தபோது அதற்கு இரண்டு கதவுதான். வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். நாலு கதவு வைத்தது நம் வண்டலூர்க்காரர்கள். பின்சீட்டில் பாட்டி ஏறி இறங்க வேண்டாமா என்று அப்பா பெருமையாகச் சொல்லுவார். 948 சி.சி. எஞ்சின். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமே ஒரு முதலை வாயைப் பிளந்த மாதிரி முன்னோக்கி எழும்பும். அடியில் தனி சேஸி. மேலே உடம்பு பல துண்டுகளாக போல்ட் போட்டு இணைத்தது. கழற்றி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படுக்கப் போட்டு வேலை பார்க்கலாம். பெயிண்ட் உரிக்கிறவர்களுக்கு இதைவிட வசதியான கார் கிடையாது. அந்த வசதிதான் என்னைக் கெடுத்தது.

அப்பா போன பிறகு பதினோரு வருஷம் போர்டிகோவில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சரி, புதுப்பித்துவிடலாம் என்று ஒரு பட்டறையில் விட்டேன். எந்தப் பட்டறை என்று எழுதப் போவதில்லை. "கையால உரிச்சா மாசக்கணக்காகும் டீச்சர். மண் அடிச்சா ஒரே நாள்ல வெள்ளி மாதிரி வந்துரும்" என்றார்கள். மண் அடிப்பது என்றால் காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சிப் பெயிண்டை உரிப்பது. முதலில் பானெட்டை மட்டும் அனுப்பினேன். வந்தது வெள்ளி மாதிரியேதான். ஆனால் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினால் கை ஏறி ஏறி இறங்கியது. வெயிலில் காயவைத்த அப்பளம் போல ஒரு நெளிவு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் டியூப்லைட்டின் பிம்பம் பாம்பாக வளைந்தது.

சூட்டில் வளைந்துவிட்டது என்று டிங்கர் சொன்னார். முழுக் காரணம் அது இல்லை. காற்றழுத்தத்தில் வந்து விழும் ஒவ்வொரு மணலும் ஒரு குட்டிச் சுத்தியல். லட்சக்கணக்கில் அடி விழும்போது தகட்டின் மேல்தோல் நசுங்கி விரிகிறது, அடித்தோல் அப்படியே இருக்கிறது. விரிந்த பக்கம் எங்காவது போக வேண்டுமே, பொங்கிவிடுகிறது. சேஸி, சஸ்பென்ஷன் கை, வீல் மாதிரித் தடிமனான இரும்புக்கு மண் அடிப்பது சரி. பானெட், கூரை, கதவு போன்ற பரந்த மெல்லிய தகட்டுக்கு அந்த வேகத்தில் கூடவே கூடாது. நெளிவை மறைக்க மேலே ஒரு கனத்துக்குப் பட்டி போட்டுத் தருகிறோம் என்றார்கள். பட்டி சுமக்கவா நான் காரை வைத்திருக்கிறேன்? வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

அந்த மண் அடிக்கிற கொட்டகையையும் போய்ப் பார்த்தேன். ஒரு ஆள் லுங்கித் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு ஆற்று மணலை அடித்துக்கொண்டிருந்தார். மணல் என்பது சிலிக்கா. உடைந்த சிலிக்காத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது, தழும்பாகிவிடும். சிலிகோசிஸ் என்ற அந்த நோய்க்கு மருந்து இல்லை. இந்த வேலைக்கு மணலைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரிட்டனில் 1949-லேயே விதி போட்டுவிட்டார்கள். அந்த ஹெரால்டை அங்கே கணினியில்லாக் காலத்தில் வரைபடத் தாளில் வரைவதற்கும் முன்பு!

அடுத்து வந்தவர் பல்லாவரம் பக்கத்துப் பெயிண்டர் ஒருவர். அறுபதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் முதல் நாள் உரிக்கவே இல்லை. இடது பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு பத்து ரூபாய் நாணய அளவுக்கு வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தார். நடுவில் இரும்பு தெரிந்தது. அதைச் சுற்றி மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி வளையங்கள். உள்ளே செங்காவி ரெட் ஆக்சைடு. அடுத்து அழுக்கு நீலச் சாம்பல், அதுதான் வண்டலூரில் அடித்த முதல் நிறம். அப்புறம் மாம்பழ மஞ்சள், என் தம்பி பிறந்த வருஷம் அம்மா பிடிவாதமாக அடிக்க வைத்தது. அப்புறம் மெரூன். கடைசியில் வெள்ளை. ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் மஞ்சள் என்றுதான் இருக்கிறது. அதை மாற்ற நான் அலைந்த கதையை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

பிறகு தின்னரில் நனைத்த துணியால் ஒவ்வொரு வளையத்தையும் தொட்டார். வெள்ளை கரைந்து துணியில் ஒட்டியது. "இது என்.சி., பழைய டூகோ" என்றார், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட். மெரூன் கரையவில்லை, சுருங்கித் தோல் போல எழும்பியது, சிந்தெடிக் எனாமல். கரையாமலும் சுருங்காமலும் நின்றிருந்தால் ஹார்டனர் கலந்து அடித்த பி.யு. (பாலியூரித்தேன்) என்று அர்த்தமாம். (டூகோ என்பது டூபாண்ட் கம்பெனி 1920-களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்குக் கொடுத்த பெயிண்டின் வியாபாரப் பெயர். நம் பெயிண்டர்கள் நூறு வருஷமாக அதைத் தமிழ்ச் சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள்.) எந்த மருந்துக்கு எது மசியும் என்று தெரியாமல் உரிக்க இறங்கக் கூடாது என்பது அண்ணனின் கட்சி. எனக்குச் சோதனைக் கூடத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

அந்த மாம்பழ மஞ்சள் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தக் காலத்துப் பளிச்சென்ற மஞ்சள் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது லெட் குரோமேட். நூறு கிராம் லெட் குரோமேட்டில் அறுபத்து நாலு கிராம் ஈயம். மீதியில் குரோமியம், அதுவும் புற்றுநோய் தருகிற வகைக் குரோமியம். தோல் பதனிட்ட குரோம் கம்பெனியின் பெயரையே ஊர்ப் பெயராக வைத்திருக்கும் குரோம்பேட்டைக்காரிக்கு இதை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மஞ்சள் பூச்சை மட்டும் பிளேடால் சுரண்டி ஒரு பொட்டலத்தில் கட்டி, அனுமதி கேட்டுக்கொண்டு நான் வேலை பார்த்த பள்ளியின் ஆய்வகத்துக்குப் போனேன். ரெட் ஆக்சைடு கலந்தால் அதிலுள்ள இரும்பு சோதனையைப் பழுப்பாக்கிக் கெடுத்துவிடும், அதனால் சுரண்டும்போதே ஜாக்கிரதை. புகையை வெளியே இழுக்கிற ஃபியூம் கப்போர்டில் வைத்துச் சாம்பலாக்கி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, அமிலத்தை ஏறக்குறைய வற்றவைத்து, தண்ணீர் விட்டேன். அப்புறம் பொட்டாசியம் அயோடைடு. பிளஸ் டூ படித்த எவருக்கும் இந்தச் சால்ட் அனாலிசிஸ் மறந்திருக்காது. சோதனைக் குழாயில் கெட்டியாக மஞ்சள் வீழ்படிவு வந்தது. நிறையத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தால் கரைந்து தெளிகிறது. குழாயைக் குழாய்த் தண்ணீரில் பிடித்து ஆறவிட்டால், உள்ளே தங்கப் பொடி தூவினாற்போலத் தகதகவென்று துகள்கள் சுழன்று இறங்குகின்றன. ஈயத்துக்கு இதைவிட நல்ல கையெழுத்து கிடையாது. எத்தனை பேட்ச் பிள்ளைகள் இதைப் பார்த்து "மிஸ், சூப்பர்" என்று கத்தியிருக்கிறார்கள். எனக்கு அன்றைக்கு ரசிக்க முடியவில்லை. முதல் பட்டறையில் இதே பெயிண்டைக் காற்றில் பறக்கவிட்டவர்கள் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

ஈயம் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டார்களே என்று வாசகர்கள் நினைக்கலாம். பெட்ரோலில் இருந்த ஈயம் 2000 பிப்ரவரியோடு போயிற்று. பெயிண்டுக்கு 2016-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது, 2017 நவம்பர் 1 முதல் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் அது வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கிற பெயிண்டுக்கான விதி, வாகனப் பெயிண்ட் அதில் வராது. வந்தாலும் நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அடித்துவிட்டுப் போன பூச்சை எந்த விதி வந்து கழுவும்? தவிர, அந்தக் காலத்து பிரிட்டிஷ் பாணி வண்டிகளில் தகடுகள் சேரும் இடத்தைப் பட்டிக்குப் பதிலாக ஈயத்தை உருக்கி ஊற்றியே நிரவுவதும் உண்டு. கிரைண்டர்காரர் பெயிண்ட் என்று நினைத்து அதையும் சேர்த்துப் பொடியாக்குவார்.

அண்ணனிடம் உதவிக்கு ஒரு தம்பி இருந்தான். இருபது வயதுகூட இருக்காது, கல்யாணம் ஆகிவிட்டது, கைக்குழந்தை. அவனுடைய மத்தியானச் சாப்பாடு பரோட்டா. கையைப் பேன்ட்டில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உட்காருவான். சாயங்காலம் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குவான். ஈயம் மூக்கால் மட்டுமல்ல, கையால், வாயால், சட்டையால் பயணம் செய்யும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் அதைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும், போய்ச் சேருகிற இடம் மூளை. இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு எல்லையே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் அவனை இழுத்துக்கொண்டுபோய் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தேன். எண் எவ்வளவு வந்தது என்பது அவன் சொந்த விஷயம், இங்கே எழுத மாட்டேன். முடிவைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல சின்னக் குழந்தை இருக்கா?" என்பதுதான்.

அதற்கப்புறம் எங்கள் போர்டிகோவில் கிரைண்டருக்கு அனுமதி இல்லை. அண்ணனுக்கு முதலில் வருத்தம். "டீச்சர், வேலை மூணு மடங்கு இழுக்கும்" என்றார். இழுத்தது. இழுக்கட்டும்.

செய்தது இதுதான். பெரிய தகடுகளுக்கு ரிமூவர், பெயிண்டை இளக்கி எழுப்புகிற மருந்து. பிரஷ்ஷால் ஒரே திசையில், கேக்கில் கிரீம் தடவுகிற கனத்துக்கு இழுத்து விட்டுவிட வேண்டும், பெயிண்ட் அடிப்பதுபோல முன்னும் பின்னும் தேய்த்தால் மேல் ஏடு உடைந்து மருந்து ஆவியாகிவிடும். மேலே பாலித்தீன் ஷீட்டைப் போர்த்தி இருபது நிமிஷம். உள்ளே பெயிண்ட் பால் ஆடை மாதிரிச் சுருங்கிச் சுருங்கி எழும்புவது ஷீட் வழியாகவே தெரியும். வெள்ளையும் மெரூனும் ஒரே இழுப்பில் வந்தன, மஞ்சளுக்கு இரண்டாம் தடவை பூச வேண்டியிருந்தது. சுரண்டியின் முனைகளை அண்ணன் முன்கூட்டியே அரத்தால் உருட்டி வைத்திருந்தார், தகட்டில் கீறல் விழக் கூடாதென்று. கதவின் ஓரத்தில் தகடு மடிந்திருக்கும் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு டேப் ஒட்டி மருந்தே படாமல் விட்டார். மடிப்புக்குள் ரிமூவர் ஊறினால் ஆறு மாசம் கழித்துக் கசிந்து வந்து புதுப் பெயிண்டைத் தூக்கிவிடும். அந்த ஓரத்தைக் கையால், தண்ணீரும் வாட்டர் பேப்பரும் வைத்துத்தான் எடுத்தோம்.

ரிமூவர் என்றால் பயமில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது நாற்பது டிகிரியில் கொதிக்கிற திரவம், சென்னை மே மாதத்து மத்தியானத்துக்கு அடுப்பே வேண்டாம். ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாமல் தரையில் தேங்கும், சர்வீஸ் பிட்டுக்குள் இறங்கி நிற்கும். சுவாசித்தால் உடம்புக்குள் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். தலை சுற்றுகிறது, காபி குடித்தால் சரியாகும் என்று நினைக்கிறபோதே ஆள் விழுந்துவிடலாம். தூசிக்குப் போடுகிற முகமூடி இதற்குக் கொஞ்சமும் உதவாது. ஐரோப்பாவில் பொதுமக்களுக்கு இந்த ரிமூவரை விற்பதை 2011-க்குள்ளேயே நிறுத்திவிட்டார்கள், அமெரிக்காவில் 2019-ல். நாங்கள் அது இல்லாத வகையைத் தேடி வாங்கினோம். மெதுவாகத்தான் வேலை செய்தது. அதையும் திறந்த வெளியில், காலை பத்து மணிக்குள், கையுறை கண்ணாடியோடு. கேஸ் டார்ச் வைத்துப் பொசுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஈயத்தைப் புகையாக்கி மூக்குக்குள் அனுப்ப அதைவிட நேர்வழி எனக்குத் தெரியாது, தகடும் வளையும்.

மிச்சம் மீதியெல்லாம் ஈரத் தேய்ப்புத்தான். ஒரு வாளித் தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, எண்பதாம் நம்பர் வாட்டர் பேப்பர், மரக்கட்டை. பொடி பறக்காமல் சேறாக வடியும். ஈரத்தோடேயே பழைய துணியால் வழித்து டப்பாவில் போட்டுவிட வேண்டும். காய்ந்தால் மறுபடியும் தூசிதான், துடைப்பத்தால் பெருக்கினால் செய்ததெல்லாம் வீண். தம்பிக்கு இரண்டு பழைய சட்டை, எங்கள் வீட்டுக் குழாயடி, ஒரு சோப்பு. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தால் நான் வாசலில் நிற்பேன். முதல் வாரம் சிரித்தான், அப்புறம் அவனே அண்ணனை விரட்ட ஆரம்பித்துவிட்டான்.

தண்ணீர் பட்டால் துரு வருமே என்பார்கள். வரும். குரோம்பேட்டைக் காற்றில் பளபளவென்று உரித்த தகடு ஒரு மணி நேரத்தில் டீ சிந்தினாற்போல நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்தேன். அதனால் ஒரு நாளைக்கு ஒரு தகடு. காலையில் உரி, கழுவு, துணியால் துடை, வெயிலில் சூடேற்று, சாயங்காலத்துக்குள் பிரைமர். மூன்று தகட்டை ஒன்றாக உரித்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் நான் தொடவிடவில்லை. டாஷ்போர்டு அறைக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்தில், மஞ்சளோ மெரூனோ படாத வண்டலூர் நீலச் சாம்பல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் கடையில் நிறம் கலந்தோம். மேலே நிறமில்லாத கிளியர் பூச்சு அடித்து மூடிவிட்டோம். அண்ணன் தேய்த்துப் பளபளப்பாக்கட்டுமா என்றார், வேண்டாம் என்றேன்.

ஆசிரியர் அவர்களே, பழைய வண்டிகளைப் பற்றி எழுதுவதை நிறுத்தாதீர்கள். ஐம்பது வருஷம் தாண்டிய கார்களுக்குத் தனிப் பதிவு என்று 2021-ல் விதி வந்ததிலிருந்து எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் கொட்டகைக்குள் கிடந்ததை வெளியே இழுத்திருக்கிறார்கள். அடுத்த முறை புகைப்படக்காரர் பட்டறைக்குப் போனால், கிரைண்டரை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி, உரிக்கிற பையனிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வரட்டும். அந்தப் படத்தில் இருப்பவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் இந்தக் கடிதத்தை யாராவது அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

இன்னொரு கேள்வி. நாங்கள் வழித்த சேறு காய்ந்து, மூடி இறுக்கிய நாலு லிட்டர் டப்பா இரண்டு நிறைய இருக்கிறது. மாநகராட்சிக் குப்பை வண்டித் தம்பி, "அம்மா, இது என்ன கலர் பொடி?" என்றான். சொன்னேன், எடுக்க மாட்டேன் என்றுவிட்டான், அவன் செய்தது சரி. ஆபத்தான கழிவுகளைப் புதைக்கிற மையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது, ஆனால் அங்கே தொழிற்சாலைகள் லாரியில் அனுப்புகின்றன. இரண்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் யார் வாசலில் போய் நிற்பது? இதற்குப் பொறுப்பான அதிகாரி யாராவது உங்கள் பத்திரிகையைப் படித்தால் பதில் எழுதச் சொல்லுங்கள். டப்பாக்கள் மாடிப்படிக்குக் கீழே, "ஈயம், திறக்காதே" என்று சிவப்பு மையில் எழுதியபடி இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
குரோம்பேட்டை.